ஒரியோல் சிறுவர் அரங்கு: சில வரலாற்றுக் குறிப்புகள்

சிறுவரையும் குடும்பத்தினரையும் வேறுபாடின்றி ஒன்றுசேர்க்கும் கலைப் பட்டறைகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. யாவரையும் உள்வாங்குதல் அவற்றின் நோக்கம் எனப்படுகின்றது. ஆயின் உள்வாங்குதல் என்பதன் பொருள் யாது? முன்னரே வகுத்த ஒழுங்கினுள் வெளியே நின்ற பிள்ளைக்கும் ஓரிடம் ஒதுக்குவதா, அன்றி அப்பிள்ளையின் வருகையால் அவ்வொழுங்கே மாற்றமுறுவதா? இவ்வினாவைத் தெளிவுபடுத்த, 1918ஆம் ஆண்டில் ருஷ்யாவின் ஒரியோல் நகரில் தொடங்கிய முயற்சியொன்றை நோக்குவது பயனுடைத்து.

உலக யுத்தமும் உள்நாட்டு யுத்தமும் எண்ணற்ற சிறுவரைப் பெற்றோரும் வீடும் அற்றோராக்கித் தெருவில் விட்டிருந்தன. கூட்டமாய்த் திரிந்து களவெடுத்து வாழ்ந்த இவர்களை ருஷ்ய மொழியில் ‘பெஸ்பிரிசோர்னிக்கி’ என்றனர். கவனிப்பாரற்றோர் என்பது அதன் பொருள். லத்வியாவில் 1891இல் பிறந்த நாடக நெறியாளர் ஆஸ்யா லாட்சிஸ், ஒரியோல் அரங்கிற் பணியாற்ற வந்தவிடத்து இவர்களைக் கண்டார். நகரின் அநாதை இல்லத்துப் பிள்ளைகளையும் கண்டார். பின்னையோருக்கு உணவும் உடையும் கிடைத்தன. எனினும் அவர்கள் எதிலும் நாட்டமற்றிருந்தனர். இரு சாராருக்குமாகச் சிறுவர் அரங்கொன்றை அமைக்க அவர் முற்பட்டார்.

எழுதிமுடித்த நாடகத்தை மனனஞ் செய்வித்து மேடையேற்றுவதை லாட்சிஸ் விரும்பவில்லை. அது நெறியாளரின் புகழுக்கும் திறமைமிக்க சிலருக்குமே உதவும் என்பது அவர் கருத்து. ஓவியம், இசை, பொருள்களைச் செய்தல், உடலசைவு, உச்சரிப்பு எனப் பிரிவுகள் அமைந்தன. உற்றுநோக்கும் ஆற்றலை வளர்த்தலும் முன்னாயத்தமின்றி நடித்தலும் முதன்மை பெற்றன.

ஒஸ்கார் வைல்டின் கதையொன்றைத் தழுவிய ‘அலினூர்’ நாடகத்தை மெயர்ஹோல்ட் பிறிதொருவருடன் இணைந்து ஆக்கியிருந்தார். காட்டில் கள்வர் தீயைச் சூழ்ந்திருந்து தம் செயல்களைப் பெருமையடித்துக்கொள்ளும் அதன் காட்சியை இல்லத்துப் பிள்ளைகள் நடித்துக்கொண்டிருந்தபோது, தெருச் சிறுவர் கூட்டமொன்று உட்புகுந்தது. பிள்ளைகள் அஞ்சினர், நடிப்பைத் தொடருமாறு லாட்சிஸ் குறிப்புக் காட்டினார். சற்று நேரத்தில் வந்தவர்கள் அவர்களை விலக்கித் தாமே கள்வராயினர். கொலை, தீவைப்பு, கொள்ளை என ஒருவரையொருவர் விஞ்சிப் பேசினர். கள்வர் இப்படித்தான் இருப்பார்கள் என ஏளனமாகக் கூறிச் சென்றனர். கல்வியியல் விதிப்படி இடைமறிக்க வேண்டியவர் இடைமறிக்கவில்லை. சென்றவர்கள் மீண்டும் வந்தனர்; காலப்போக்கில் அரங்கின் ஊக்கமுள்ள உறுப்பினராயினர். முடிவில் சிறுவர் முகமூடிகளையும் அரங்கப் பொருள்களையும் ஏந்தித் தெருக்களினூடே ஊர்வலமாகச் செல்ல, நாடகம் நகரின் விழாவாயிற்று.

இச்சம்பவத்தின் முக்கியத்துவத்தைக் கோட்பாட்டு நிலையில் வகுத்தவர் வோல்ட்டர் பென்ஜமின். 1924இல் கப்ரித் தீவில் லாட்சிஸைச் சந்தித்த அவர், ஏறத்தாழ 1928-29இல் பாட்டாளிவர்க்கச் சிறுவர் அரங்குக்கான வேலைத்திட்டமொன்றை எழுதினார். மேடையேற்றம் குறிக்கோளன்று, வழியில் நேரும் விளைவே என்பதும், அவ்வேளையில் வளர்ந்தோருக்குக் கற்பிப்போர் சிறுவரே என்பதும் அதன் சாரம். அவர் 1940இல் இறந்து பல ஆண்டுகள் சென்றபின்னரே அது அச்சேறியது.

இம்முயற்சியைப் போற்றுவோர் அதன் பின்வரலாற்றை மறைத்தல் தகாது. லாட்சிஸ் 1938இல் கைதாகிப் பத்தாண்டளவு கஸக்ஸ்தானில் கழிக்க நேர்ந்தது. மெயர்ஹோல்ட் 1940இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரியோலில் தெருச் சிறுவரின் இடையீட்டுக்கு இடமளித்த புரட்சி, இருபதாண்டுகளில் தன் கலைஞரின் குரலையே பொறுக்காத அரசாக இறுகியிருந்தது. இம்முரண்பாட்டை எதிரிகளின் அவதூறெனத் தள்ளுவது மார்க்சியமாகாது.

எனவே சிறுவர் கலைப் பட்டறையொன்றை மதிப்பிடுகையில், எத்தனை பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர் என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. கடைசியாக வந்த பிள்ளை அங்கே எதை மாற்ற முடிந்தது என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடையில்லாதவிடத்து, உள்வாங்குதல் என்பது தருமத்தின் மறுபெயராகவே எஞ்சும்.