கசப்பும் மருந்தும்: தோட்டத்துக் கள்ளும் ஹாப்ஸ் பூவும்

நான் வளர்ந்த ரந்தாவ் வட்டாரத் தோட்டத்தில், பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சில வீடுகளில் ஸ்டவுட் எனும் கறுப்புப் பீர் கொடுப்பர். சாராயம் குடித்தவன் திண்ணையில் அமர்வதையும் பொறுக்காத என் பாட்டி, இதனை மட்டும் மதுவென்று சொன்னதில்லை. மருந்து என்றே சொல்லுவார். ஏன் மருந்து என்று வினவினால், 'கசக்குதே' என்பதே மறுமொழி. வேப்பம்பூவும் பாகலும் நிலவேம்பும் கொண்டு உடல் பேணியவர்களுக்குக் கசப்பே போதிய சான்றாயிற்று. அக்கசப்பில் ஒரு பகுதி வறுத்த வாற்கோதுமையினது. மறுபகுதி ஹாப்ஸ் என்னும் பூவினது. அப்பூவை லயத்தில் எவரும் கண்டதில்லை.

ஹாப்ஸ் ஒரு கொடி; கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலத்தீனப் பெயரிலுள்ள 'லுபுலுஸ்' என்பதற்குச் சிற்றோநாய் என்பது பொருள். அதன் பெண்பூங்கொத்தில் லுபுலின் என்னும் மஞ்சள் நிறப் பிசின்துகள் உண்டு. பானத்தைப் புளிப்பேற்றிக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அது அடக்கும். நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டைப் பெரிதும் விட்டுவிடும். 12ஆம் நூற்றாண்டில் செருமானியத் துறவி ஹில்டெகார்ட், இப்பூ பானங்களைக் கெடாது காக்கும் என்று எழுதியதோடு, மனச்சோர்வை மிகுவிக்கும் என்றும் எழுதினார். 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைக் கொண்டே பீர் வடிக்க வேண்டும் என விதித்தது. இக்கொடிக்குக் கோடையின் நீண்ட பகலும் குளிர்கால ஓய்வும் வேண்டும். இந்தியாவில் இமாசலத்து லாகூல் பள்ளத்தாக்கில் அது விளைகிறது. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமான மலாயாவில் அதற்கு இடமில்லை. 1932இல் சிங்கப்பூரில் டைகர் பீர் வடிக்கப்பட்டபோதும் ஹாப்ஸ் கப்பலேறியே வர வேண்டியிருந்தது.

இனி நம் கள்ளுக்கு வருவோம். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு எனச் சங்க நூல்கள் மதுவுக்கு வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் தோட்டத்தில் நின்றது 'கள்' ஒன்றே. ஆங்கில ஆவணங்களிலோ அது 'டோடி' ஆயிற்று. பனையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர், தென்னங்கள்ளுக்கு ஒட்டிக்கொண்டது!

தென்னம்பாளையிலிருந்து சொட்டும்போதே சாறு நொதிக்கத் தொடங்குகிறது. ஒரே நாளில் 4 முதல் 6 விழுக்காடு வரை சாராயச் சத்து ஏறும், அதன்பின் காடியாகும். கலயத்தில் சுண்ணாம்பு பூசினால் பதநீராக நிற்கும். ஆனால் அப்போது அது கள்ளன்று. வடசுமத்திராவின் பத்தாக்கு மக்கள், 'ராரு' என்னும் மரப்பட்டையைப் பனைச்சாற்றில் இட்டுக் கசப்பும் காப்பும் பெறுகின்றனர். ஹாப்ஸ் செய்யும் வேலையை அங்கே பட்டை செய்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கு அத்தகைய துணை இல்லை. இறக்கிய நாளிலேயே குடித்துத் தீர்க்க வேண்டும். கள்ளுக்கடை லயத்தை ஒட்டியே அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. கூலி வாங்கிய கை வீடு சேருமுன்னரே கடையைக் கடக்க வேண்டியிருந்தது.

மட்டாக அருந்தினால் கள் உடலுக்கு நல்லது என்ற வாதம் அக்காலத்தில் அடிக்கடி எழுந்தது. அதில் முழுப்பொய் இல்லை. கள்ளின் ஈஸ்ட்டில் பி வகை உயிர்ச்சத்துகள் உண்டு. எனினும் அச்சத்து பற்றிய பெரிய பாடம் இம்மாநிலத்திலேயே, வேறொரு பொருளிலிருந்து கிடைத்தது. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த பிராடன், தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிவதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்புவதையும் கண்டு 1907இல் நூல் வெளியிட்டார். பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் செலெபு வட்டாரத்து டுரியான் திப்பூசில், சாவகத் தொழிலாளர் ஏறக்குறைய 300 பேரை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியும் உண்ணச் செய்து அதனை ஆராய்ந்து, 1909இல் முடிவை வெளியிட்டனர். தமிழரைக் காத்தது கலயமன்று, சோற்றுப்பானை. பாடநூல்கள் இதனை ஏன் விட்டுவிடுகின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

தொழிலாளரின் தீர்ப்பு மருத்துவருடையதை விடத் தெளிவாக இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தை ஒட்டி, ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கடைமுன் மறியல் செய்தது.

கள்ளின் செல்வாக்குக் குறைந்த இடத்தில் புட்டிகள் புகுந்தன. ஹாப்ஸின் நற்பயன் குறித்து இன்று அறிந்தது இவ்வளவே: அமைதியின்மைக்கும் உறக்கமின்மைக்கும் அதனைப் பயன்படுத்துவதைச் செருமானிய மருந்து ஆணையம் ஏற்றது, பெரும்பாலும் வலேரியன் வேருடன் சேர்த்தே கொடுக்கின்றனர். பெண்மை இயக்குநீரைப் போலச் செயற்படும் ஒரு பொருளும் அதில் உண்டு. ஆயினும் இவை பூவின் குணங்கள். பீரின் குணங்கள் அல்ல. தாய் பீர் அருந்தியபின் குழந்தை குறைவாகவே பால் குடித்தது என்று 1990களில் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். என் பாட்டி கசப்பை நம்பியதில் வியப்பில்லை. அந்தப் புட்டிக்குள் கசப்போடு சாராயமும் இருந்தது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லத்தான் எவரும் இல்லை.

கள்ளுக்குத் தோட்டத்தில் வேறொரு பயனும் இருந்தது. ஆப்ப மாவு பொங்குவதற்கு ஒரு கிண்ணம் கள் வாங்கிவரச் சிறுவர்களான எங்களை அனுப்புவர்; கடைக்காரர் எங்களுக்கென்று தனியே ஓர் அளவுக் குவளை வைத்திருந்தார். கடை மூடியபின் அம்மா பொட்டலத்து ஈஸ்ட்டுக்கு மாறினார். மாவு பொங்கியது, ஆனால் அந்தப் புளிப்பு வரவில்லை என்று கடைசிவரை குறைசொன்னவர் பாட்டிதான்.