பிரம்பும் உள்ளங்கையும்

1823ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துப் பெல்லாரி ஜில்லாவின் கலெக்டராயிருந்த காம்பெல் துரை, அப்பகுதித் திண்ணைப் பள்ளிகளைக் குறித்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதிற் கண்ட செய்தியொன்று நம் சிந்தையை விட்டகலவில்லை. காலையில் முதலாவதாக வந்த பிள்ளையின் உள்ளங்கையில் ‘சரஸ்வதி’ என்று எழுதப்படும். இரண்டாமவனுக்கு ஒரு சுழி. அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடியொன்று. நான்காமவனுக்கு இரண்டு. அப்பால் வருவோர்க்கு ஒவ்வொன்றாய்க் கூடிக்கொண்டே போகும். இருபதாவதாக வருபவன் கதியை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சோம்பேறிகளைக் கைகட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுதலும் உண்டாம்.

அத்திண்ணைப் பள்ளிகளை முற்றும் இகழ்வது நம் கருத்தன்று. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்று அதே துரைமகன் வியந்திருக்கிறார். ஆயினும் அந்த அடிக்கணக்கு எதனை அளந்தது? பிள்ளையின் ஊக்கத்தையா, அல்லது அவன் வீட்டுக்கும் பள்ளிக்குமுள்ள தூரத்தையா?

1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளி தொடங்கினார், மறுவருடமே காலமானார். ஏடும் எழுத்தாணியும் நாளடைவில் மறைந்து புத்தகமும் சிலேட்டும் வந்தன. பிரம்பு மாத்திரம் எளிதில் அகலவில்லை. “கண்ணிரண்டையும் விட்டுவிட்டு மற்றதை என்னவும் செய்யுங்கோ” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோரை நம் பெரியோர் அறிவர். நாமும் ஒரு மிஷன் பள்ளியிற் பயின்றவர்களே, பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கு வாங்கிய அடி நன்றாக நினைவிருக்கிறது. வாய்பாடுதான் இன்னும் தடுமாறுகிறது.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவனும் பின்னர் மிஷன் பள்ளிகளிற் பயின்றவனே. ஊரில் அவனுக்கு எழுத்தறிவித்தவர் குஞ்சித்தம்பி ஆசிரியர். இளம்பருவத்திலேயே அவ்வாசிரியரைப் போற்றி அவன் ஒரு செய்யுள் இயற்றினான். அச்சத்தால் கைகட்டி நிற்கலாம், மனப்பாடமும் ஒப்புவிக்கலாம். கட்டளையின்றிக் கவி பிறப்பதற்கு வேறொன்று வேண்டும். அச்சிறுவனே விபுலாநந்த அடிகளாகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோது, அருகிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்டோர் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அங்கே பிந்தி வந்தவன் யார்? ஆசிரியரல்லவா நடந்து போனார்!

சட்டமும் தாமதமாகவேனும் வந்து சேர்ந்தது. 2005இல் கல்வி அமைச்சு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்ததாற் செவிப்புலன் கெட்ட மாணவன் ஒருவனுக்கு, அவ்வாசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் வழங்கவேண்டுமென 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பில்லாவிடிற் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று சொல்லும் பெரியோருக்கு நாம் மறுமொழி கூறத் துணியோம். நம் குற்றத்தையே சொல்லிவிடுகிறோம்.

நமது ஞாயிறு வகுப்பில் நாம் பிரம்பு வைத்திருக்கவில்லை. அதுவே நமக்குப் பெருமையாகவும் இருந்தது. படுவான்கரையிலிருந்து வரும் சிறுவன் ஒருவன் மூன்று வாரம் தொடர்ந்து பிந்தினான். மூன்றாம் வாரம் அவனை வாசலில் நிறுத்தி, மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி ஒரு சொல் சொன்னோம். நாம் சொன்னதும் ஓர் அடிதான். அவன் அழவில்லை, அடுத்த ஞாயிறு வரவுமில்லை. வாவியைக் கடக்கும் பாதை அந்நாட்களில் பழுதாகிக் கிடந்ததென்பதைப் பின்னரே கேள்வியுற்றோம். வருமுன் அவன் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறான் என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை.

இம்மலர் அச்சேறுமுன் நம்மில் இருவர் அக்கரை சென்று அவனைக் காண்பதென முடிவாகியிருக்கிறது. முதற் பாதை காலை ஆறு மணிக்கு.