நுங்கம்பாக்கத்தில் பிறந்த கோள்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக் குப்பங்களின் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட் என்னும் விண்வெளித் தொலைநோக்கி அங்கிருந்துதான் மேலே போனது. விண்மீன் ஆராய்ச்சி இந்தப் பக்கத்துக்கு அன்றுதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே, ஏரிக்குத் தெற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில், நுங்கம்பாக்கத்தில் ஒருவர் இன்னொரு சூரியனுக்குக் கோள் இருப்பதாக எழுதிவிட்டார்.

அவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தலைவர். கம்பெனி வானத்தைப் பார்க்கச் சொன்னது ரசிப்பதற்காக அல்ல. கப்பலோட்டவும் நில வரைபடம் போடவும் அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. ஜேக்கப்புக்கோ இரட்டை விண்மீன்கள் மேல் பித்து. அவற்றில் ஒன்று 70 ஓஃபியூக்கி. ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஜோடி. கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து அது கொஞ்சம் விலகியே நின்றது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது, அப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 1855-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். பிற சூரியனின் கோளைப் பற்றி அறிவியல் இதழில் வந்த மிகப் பழைய அறிவிப்புகளில் இது ஒன்று.

அது தப்பு. சிறிய தொலைநோக்கியில் கண்ணால் எடுத்த அளவுகள் அவ்வளவு நுட்பத்தைத் தாங்காது. 1890களில் அமெரிக்காவின் சீ என்பவர் அதே ஜோடிக்கு இருண்ட துணை ஒன்று உண்டு என்றார். அப்படியோர் அமைப்பு நிலைத்து நிற்காது என்று மோல்டன் என்பவர் 1899-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனால் ஜேக்கப்பின் யோசனையைக் குறை சொல்ல முடியாது. தூண்டிலில் மீனா தெரிகிறது? தக்கை ஆடுவதுதான் தெரியும். கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. பக்கத்திலிருக்கும் விண்மீனின் வெளிச்சம் அதை மூடிவிடும். ஆனால் விண்மீன் கோளை இழுப்பதுபோலக் கோளும் விண்மீனை இழுக்கிறது. அந்த அசைவைப் பிடித்தால் போதும்.

பிடிக்க 140 ஆண்டு ஆயிற்று. 1992-இல் பல்சர் என்னும் செத்த விண்மீனைச் சுற்றும் கோள்கள் உறுதியாயின. 1995-இல் சுவிட்சர்லாந்தின் மேயரும் கெலோவும், ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவிலுள்ள 51 பெகாசி என்னும் விண்மீனின் ஒளியில், அதன் அசைவால் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதை அளந்து ஒரு கோளைக் கண்டார்கள். சூரியனைப் போன்ற விண்மீனுக்குக் கிடைத்த முதல் கோள் அது. எடை வியாழனில் பாதி, ஒரு சுற்றுக்கு நான்கு நாள்தான்! நம் புதனுக்கே 88 நாள் ஆகிறது. இவ்வளவு பெரிய கோள் விண்மீனை உரசுவதுபோல் சுற்றும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

பிறகு கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி துளி குறைவதைப் பார்க்கும் முறை வந்தது. கெப்ளர் தொலைநோக்கி இந்த ஒரே வழியில் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது. 2025 செப்டம்பரில் நாசாவின் கோள் எண்ணிக்கை 6,000-ஐத் தொட்டது. மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரிக்கே கோள் உண்டு, தொலைவு 4.2 ஒளியாண்டு. நம் நாட்டுக் கணக்கும் உண்டு: 2018-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அபிஜித் சக்ரவர்த்தி குழு, மவுண்ட் அபுவிலிருந்து விண்மீனின் அசைவை அளந்து, சுமார் 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-236பி என்ற கோளை எடைபோட்டு உறுதிசெய்தது. ஜேக்கப்பின் அதே யோசனை, நல்ல கருவியோடு.

70 ஓஃபியூக்கி வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். ஜூன் நள்ளிரவில் நம் ஊரில் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். அதற்கு இன்றுவரை ஒரு கோளும் உறுதியாகவில்லை.