"நிஜமா நடந்ததாம்மா..!" கேமரா பேய்ப் படத்தின் 2ஆம் பாகத்தை டீன்ஏஜ் பிள்ளைகள் பார்க்கலாமா? பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட். அம்மா நாள் முழுக்க உழைத்த அசதியில் தூங்கியாச்சு. தளியில் இருக்கும் வீட்டில் 14 வயது மகன் போர்வைக்குள் மொபைலை வைத்து பேய்ப் படம் பார்க்கிறான். காலையில் கேட்டால், "இது சினிமா இல்லம்மா, ஒரு வீட்டு சிசிடிவியில பதிவானது. நிஜமா நடந்ததாம்" என்கிறான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. இந்த வகைப் படங்களை எந்த வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம்? எப்படி முடிவு செய்வது? ஹாலிவுட் படமான 'பாராநார்மல் ஆக்டிவிட்டி 2'-ஐ உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம் என்றால் என்ன?

யாரோ எடுத்த வீடியோ பிறகு நம் கையில் கிடைத்தது போல எடுக்கப்படும் படங்கள் இவை. கேமரா ஆடும், வெளிச்சம் சரியாக இருக்காது, பின்னணி இசை பெரும்பாலும் இருக்காது. 1999-ல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' இந்த வகையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. அதில் நடித்தவர்கள் காணாமல் போய்விட்டதாகவே அப்போது விளம்பரம் செய்தார்கள்.

2013-ல் வெளியான '6-5=2' என்ற கன்னடப் படமும் இதே பாணிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் டிரெக்கிங் போகும் நண்பர்களின் கதை அது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் தளி வீடுகளுக்கு இந்தப் படங்கள் எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேரும்.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யின் முதல் பாகத்தை ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்தார். நாயகி கேட்டி, நாயகன் மைக்கா இருவருக்கும் அவர்களுடைய நிஜப் பெயரே கதையிலும். 2009-ல் பரவலாகத் திரைக்கு வந்து உலக அளவில் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. உடனே 2010-ல் இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

2ஆம் பாகத்தில் என்ன இருக்கிறது?

கேட்டியின் தங்கை கிறிஸ்டியின் குடும்பம்தான் கதை. வீட்டில் யாரோ புகுந்து பொருட்களைக் கலைத்துப் போட்டதால் சிசிடிவி பொருத்துகிறார்கள். அதன் பிறகு நடப்பதை அந்தக் கேமராக்கள் காட்டுகின்றன. ரத்தம் மிகக் குறைவு. ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டிய காட்சிகள் இருக்கின்றன (கதையின் முடிவும் இதில் உண்டு):

1. ஆபத்து முழுவதும் ஒரு கைக்குழந்தையைச் சுற்றியே வருகிறது. வீட்டு நாயும் தாக்கப்படுகிறது.

2. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தாயைப் படிக்கட்டில் இழுத்துப் போய் நிலவறைக்குள் அடைக்கிறது. பிறகு அவர் பேய் பிடித்தவர் போல மாறுகிறார்.

3. வீட்டின் டீன்ஏஜ் மகள் தன் நண்பனுடன் சேர்ந்து ஆவியோடு பேசும் 'வீஜா' பலகையை வைத்து விளையாடுகிறாள்.

4. முடிவில் தாயும் தந்தையும் கொல்லப்படுகிறார்கள். குழந்தை தூக்கிச் செல்லப்படுகிறது. ஆறுதலான முடிவு இல்லை.

அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' தரச்சான்று. அதாவது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் அல்லது பெரியவர் துணையோடுதான் தியேட்டருக்குள் போக முடியும். பிரிட்டனில் '15' சான்று கிடைத்தது. 15 வயது நிறையாதவர்களுக்கு அங்கே அனுமதியே இல்லை.

இந்தியாவில் சான்றிதழ் எப்படி?

சினிமாட்டோகிராஃப் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, 2024-ல் புதிய விதிகள் வந்தன. பழைய 'யூஏ' இப்போது மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது: யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+. இவை பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. 12 வயதுப் பிள்ளையை யூஏ 16+ படத்துக்கு அழைத்துப் போனால் தியேட்டர்காரர் தடுக்க மாட்டார். முடிவு முழுக்க பெற்றோர் கையில்தான். ஆனால் 'ஏ' சான்றிதழ் அப்படியல்ல. 18 வயது நிறையாதவரை உள்ளே விடுவது சட்டப்படி தவறு.

எல்லை தாண்டி பெங்களூரு மாலில் பார்த்தால் மாறுமா? மாறாது. சான்றிதழ் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் டப்பிங் பதிப்புகளுக்குத் தனித்தனியே சான்றிதழ் வாங்க வேண்டும். எனவே எந்த மொழியில் பார்க்கப் போகிறீர்களோ, அந்தப் பதிப்பின் சான்றிதழைப் பாருங்கள்.

ஓடிடியில் தணிக்கை வாரியம் கிடையாது. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிறுவனங்களே வயது வரம்பைக் குறிப்பிட வேண்டும். வன்முறை, பயமுறுத்தும் காட்சி போன்ற எச்சரிக்கையும் தர வேண்டும். யூஏ 13+ மற்றும் அதற்கு மேல் உள்ளவற்றுக்கு பேரன்டல் லாக் வசதி கட்டாயம். அதை ஆன் செய்வது பெற்றோரின் வேலை. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் திருட்டு காப்பிக்கு எந்தப் பூட்டும் கிடையாது.

சான்றிதழ் மட்டும் போதுமா?

போதாது. திரையில் என்ன காட்டப்படுகிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் சான்றிதழ் தரப்படுகிறது. இந்த வகைப் படங்களில் பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை அதை 'நிஜம்' என்று நம்பிவிடுவதுதான் அது.

தளி, ஜவளகிரி பகுதிப் பிள்ளைகளுக்கு சிசிடிவி வீடியோ புதிதல்ல. ஊருக்குள் யானை வந்தது, தெருவில் சிறுத்தை நடந்தது என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள். 'கேமராவில் பதிவானால் அது உண்மை' என்பது அவர்கள் அனுபவம். அதே மாதிரி மங்கலான படம், அதே மாதிரி மூலையில் ஓடும் நேரம் எல்லாம் சினிமாவிலும் வந்தால் நம்பாமல் என்ன செய்வார்கள்? அதிலும் கதை நடப்பது பாழடைந்த பங்களாவில் அல்ல. சமையலறையிலும் படுக்கையறையிலும்தான். படம் முடிந்த பிறகும் பிள்ளை அதே மாதிரி அறையில்தான் தூங்க வேண்டும்.

அப்படியானால் என்ன முடிவெடுக்கலாம்?

13 வயதுக்குக் கீழே: வேண்டாம். கைக்குழந்தைக்கு ஆபத்து, பெற்றோர் மரணம் இரண்டும் அந்த வயதுக்குத் தாங்காது.

13 முதல் 15 வரை: தனியாக வேண்டாம். வீட்டில் பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிட்டு, பிறகு பகலில், டிவியில், கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். இருட்டில் ஹெட்போனோடு பார்ப்பதுதான் பயத்தைக் கூட்டும். இவற்றில் சத்தமும் அமைதியுமே பாதி பயம்.

16, 17 வயது: பெரும்பாலானவர்கள் சமாளிப்பார்கள். ஏற்கெனவே தூக்கமின்மை, பதற்றம் இருந்தாலோ, வீட்டில் சமீபத்தில் ஒரு மரணம் நடந்திருந்தாலோ தள்ளிப்போடுவது நல்லது.

எந்த வயதாக இருந்தாலும் படம் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நிஜமா, நடிப்பா?" பிள்ளை தயங்கினால், முதலில் படம் எடுத்த கதையைச் சொல்லுங்கள். நடித்த கேட்டி ஃபெதர்ஸ்டன் அடுத்தடுத்த பாகங்களிலும் நடித்திருக்கிறார் என்று காட்டுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

ஏற்கெனவே பார்த்துவிட்டு பயந்தால்?

திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை சொல்லாமலே பார்ப்பார்கள். "இவ்ளோ பெரிய பையன் பயப்படுறியா" என்று கேலியும் வேண்டாம். சில நாட்கள் விளக்குப் போட்டுத் தூங்க விடுங்கள். நைட் ஷிப்ட் வாரங்களில் அப்பா ஒரு போன் செய்து பேசினாலே தைரியம் வரும்.

இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, தனியாக பாத்ரூம் போகக்கூட மறுக்கிறார், பள்ளிக்குப் போகவில்லை என்றால், பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். அது 'நிஜம்தான்' என்ற நம்பிக்கையை இன்னும் உறுதியாக்கும். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் ஆலோசனை கிடைக்கும்.