அசையாமல் படு என்று சொன்னது யார்? இடுப்பு நரம்பு வலியின் கதை



போன கிழமை எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவனின் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை. விசாரித்தோம். இடுப்பில் பிடித்த வலி பின்தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்கி, இருபது நாளாக லயத்தில் பாயோடு கிடக்கிறார். பார்க்க வந்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அசையாமல் படு." இருபது நாளாகப் பேர் இல்லை, கடையில் கணக்கு ஏறுகிறது, வலியும் போகவில்லை. இந்த "அசையாமல் படு" எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம்.

நோவு பழையது. அரபியில் இதற்கு 'இர்குந் நஸா' என்று பெயர். மற்ற எல்லாவற்றையும் மறக்கடிக்கும் வலி என்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. பட்டவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆயுர்வேதத்தில் 'கிருத்ரசி', கழுகு மாதிரி காலை இழுத்து நடக்க வைப்பதால். அந்தலூஸியாவின் அஸ்-ஸஹ்ராவி, 1013இல் மறைந்தவர், இடுப்பில் சூடு போடும் முறையை எழுதி வைத்திருக்கிறார். நம் பெரியவர்கள் சூடு போட்ட கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வலி மூட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, நரம்பிலிருந்தும் வரும் என்று 1764இல் பிரித்துக் காட்டியவர் நேப்பிள்ஸ் நகர வைத்தியர் கொட்டுன்யோ. மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பரிசோதனையை 1880இல் எழுதியவர் பெல்கிரேட் வைத்தியர் லாசரேவிச். அவர் சேர்பிய மொழியின் நல்ல சிறுகதை எழுத்தாளரும்கூட! நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். அதற்கு ஐந்து வருடம் முந்திய சோதனை இன்றும் நடக்கிறது.

பிறகு 1934. பொஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு வைத்தியர்கள், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் பல பேரின் வலிக்குக் காரணம் என்று காட்டினார்கள். அதுவரை அந்தப் பிதுக்கத்தைக் கட்டி என்று நினைத்து அறுத்தவர்களும் உண்டு. ஓய்வு ஏற்கெனவே மருந்தாக இருந்தது. இப்போது அதற்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. தட்டு பிதுங்கியிருக்கிறது, ஆகவே படு. கிழமைக்கணக்கில் படு.

இந்த எண்ணத்தை அசைத்தது ஒரு தவறு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ரொபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும், மூன்று கிழமையாகச் சிகிச்சை, பலனில்லை. ஒருநாள் மெக்கன்சி, உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்டிலின் தலைப்பக்கம் முன்பு வந்த நோயாளிக்காக உயர்த்தியபடியே இருந்தது. இவரும் அதிலேயே, முதுகு பின்னால் நன்றாக வளைந்தபடி கிடந்தார். அந்தக் காலத்தில் அப்படி வளைப்பது ஆபத்து என்பார்கள். திரும்பி வந்து பார்த்த மெக்கன்சி பதறிப்போனார். நோயாளியோ கால் வலி போய்விட்டது என்றார்! வலி காலை விட்டு இடுப்பின் நடுவுக்கு ஏறி ஒடுங்குவது நல்ல அறிகுறி என்பதை மெக்கன்சி அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறைக்கு அவர் பெயர்தான். எல்லோருக்கும் அது சரிவராது. சிலருக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடும். அதனால்தான் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

படுக்கையைப் பற்றிய தீர்ப்பு இன்னும் தாமதம். நெதர்லாந்தில் இந்த வலி உள்ள 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டு கிழமை படுக்க வைத்தார்கள். மற்றவர்கள் வழமைபோல இருந்தார்கள். 12 கிழமைக்குப் பிறகு இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். 1999இல் இது வெளிவந்தது. படுத்ததால் எந்த இலாபமும் இல்லை.

வலி தாங்காவிட்டால் ஓரிரு நாள் சாய்ந்து கிடக்கலாம், அதற்கு மேல் மெல்ல மெல்ல நடக்க வேண்டும். ஆனால் நடப்பது வேறு, நெற்றியில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் ஏறுவது வேறு. அந்த அம்மாவிடம் நாங்கள் இதைத்தான் சொன்னோம்: லயத்து முற்றத்தில் நடங்கள், கூடையை இப்போது தொடாதீர்கள், நுவரெலியா வைத்தியசாலைக்குப் போய் டொக்டரைக் கண்டு, பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைத்திருங்கள். சிறுநீர் போவதில் கட்டுப்பாடு தவறினால் அல்லது அடைபட்டால், இரண்டு தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனால், பாதம் தூக்க வராமல் விழுந்தால், அன்றைக்கே வைத்தியசாலை. காலையில் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை. "பிசியோவுக்கு ஒரு தடவை போனால் போதாது என்கிறார்கள் சேர். போகிற நாளெல்லாம் பேர் போகுமே?" இதை வாசிக்கிற தலைவர்மார், தோட்டத்து உத்தியோகத்தர்கள் இருக்கிறீர்கள். கிளினிக் துண்டைக் காட்டினால் அந்த நாளுக்கு அரைப்பேராவது போட வழி உண்டா? கீழே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் லயத்துக்குப் போகும்போது சொல்கிறோம்.