பில் ஃபிங்கர்: ஒரு பெயர் திரும்பி வந்த வரலாறு

குறுந்தொகை நடத்தும் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்கும் கேள்வி உண்டு: செம்புலப்பெயல்நீரார் என்பது பெற்றோர் இட்ட பெயரா? இல்லை என்போம். பாடியவரின் இயற்பெயர் கிடைக்காதபோது அவர் ஆண்ட தொடரையே அவருக்குப் பெயராக்கினர் என்றும், அணிலாடு முன்றிலாரும் அவ்வாறு பெயர் பெற்றவரே என்றும் விளக்குவோம். பெயர் தெரியாத புலவரையும் பெயரின்றி விட மனம் ஒப்பாதவர்கள் நம் தொகுப்பாளர்கள்.

எழுதியவர் உயிரோடு அதே நகரில் வாழ்ந்துகொண்டிருந்தபோதே அவர் பெயரை அச்சிடாமல் விட்ட ஒரு தொழில் இருபதாம் நூற்றாண்டில் இருந்தது. அதுதான் அமெரிக்கக் காமிக்ஸ் தொழில். படக்கதை சிறுபிள்ளைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். நாமும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது இத்தகைய மௌனத்தின் நடுவேதான் வாசித்தோம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைத் தமிழ்நாட்டில் அறியாதார் குறைவு. அக்கதையை 1962-இல் இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் எழுதத் தொடங்கியவர் கென் பல்மர் என்பதையும், பின்னர் தொடர்ந்தவர் டாம் டல்லி என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மூல இதழிலேயே அப்பெயர்கள் இல்லை. இங்கே எப்படி வரும்?

பெயர் மறைக்கப்பட்டவர்களுள் தலையாயவர் பில் ஃபிங்கர். 1914-இல் கொலராடோ மாநிலத்தின் டென்வரில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர். காலணிக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுத்தாளராகக் கனவு கண்டவர். அவர் படித்த டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில்தான் ஓவியர் பாப் கேனும் படித்தார். பின்னாளில் ஒரு விருந்தில் இருவரும் சந்தித்தனர். கேன் வரைவதற்கு ஃபிங்கர் கதை எழுதித் தரலானார்.

1938-இல் சூப்பர்மேன் வெளிவந்து பணம் கொழித்ததும், நேஷனல் நிறுவனம், அதாவது பின்னாளைய டி.சி., அதுபோன்ற நாயகர்களைத் தேடியது. கேன் ஓர் உருவத்தை வரைந்து ஃபிங்கரிடம் காட்டினார். சிவப்பு உடை, கண்களை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, முதுகில் விறைத்த இரண்டு இறக்கைகள். ஃபிங்கர் அகராதியைப் புரட்டி வௌவால் படத்தைக் காட்டினார் என்பதும், காதுகள் கொண்ட தலைக்கவசம், இறக்கைக்குப் பதிலாக நீண்ட மேலங்கி, கையுறைகள், சாம்பல் நிறம் ஆகியவற்றை அவரே பரிந்துரைத்தார் என்பதும் அவருடைய கூற்று. கேனும் தமது முதுமையில் இவற்றில் பெரும்பகுதியை ஒப்புக்கொண்டார். புரூஸ் வெய்ன் என்ற பெயரும் கோதம் நகரம் என்ற பெயரும் ஃபிங்கர் இட்டவையே. கோதம் என்பதை அவர் தொலைபேசி விவரப் புத்தகத்திலிருந்த ஒரு நகைக்கடையின் பெயரிலிருந்து எடுத்தாராம்.

முதல் கதை 1939 மே மாதத் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில் வந்தது. ஆறே பக்கம். அதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். தொடக்கத்தில் போலீஸ் ஆணையர் கார்டனோடு பொழுதுபோகாமல் பேசிக்கொண்டிருக்கும் செல்வந்த இளைஞன் வெய்ன். நடுவே கொலைகளும் முகமூடி மனிதனின் வேட்டையும். இறுதிக் கட்டத்தில் கதவு திறந்து வருபவன் அதே சோம்பேறிச் செல்வந்தன். இன்று எல்லோருக்கும் தெரிந்த இரகசியம் அன்றைய வாசகனுக்குக் கடைசிப் படத்தில்தான் தெரிந்தது. கதையின் நடுப்பகுதி முழுதும் சொந்தச் சரக்கு அன்று; தி ஷேடோ என்ற துப்பறியும் நாவல் வரிசையில் 1936-இல் வந்த ஒரு நாவலைத் தழுவியது. தம் முதல் கதை ஷேடோவைப் பின்பற்றியது என்று ஃபிங்கரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இதனால் அவர்மீது நமக்கு மதிப்புக் குறையவில்லை. ஆறு மாதங்களில் அவர் எங்கு வந்து சேர்ந்தார் என்பதே பார்க்கத்தக்கது. 33-ஆம் இதழில் இரண்டே பக்கத்தில், பெற்றோர் சுடப்பட்டு வீழ்வதைக் கண்ட சிறுவன், மெழுகுவர்த்தி ஒளியில் அவன் ஏற்கும் சூளுரை, ஆண்டுகள் கழிந்து சாளரத்தின் வழியே நுழையும் வௌவால். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேர் எத்தனையோ கோடி செலவில் மீண்டும் மீண்டும் சொல்லிவருவது அந்த இரண்டு பக்கங்களைத்தான்.

ஆனால் ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் இருந்தது பாப் கேன் என்ற ஒரே பெயர். பாத்திரத்தை நிறுவனத்திற்கு விற்றபோது தம் பெயர் இடம்பெறுவதைக் கேன் உறுதிசெய்துகொண்டார். ஃபிங்கர் தொடக்கத்தில் கேனிடம் கூலி பெற்ற எழுத்தாளர் மட்டுமே. அவருக்கென ஒப்பந்தம் ஏதும் இல்லை. எழுத்தாளர் மட்டுமன்று, ஜெர்ரி ராபின்சன், டிக் ஸ்பிராங், ஷெல்டன் மோல்டாஃப் போன்ற ஓவியர்கள் வரைந்த பக்கங்களும் அப்பெயரின்கீழ்தான் வெளிவந்தன.

கிரீன் லேன்டர்னை மார்ட்டின் நோடலோடு சேர்ந்து 1940-இல் உருவாக்கியவரும் ஃபிங்கரே. அதில் அவர் பெயர் அச்சேறியது. 1948-இல் ரிட்லரையும் அதே ஆண்டில் சூப்பர்மேனின் பிறப்புக் கதையின் விரிந்த வடிவத்தையும் எழுதினார். செய்தித் துணுக்குகளையும் விநோதத் தகவல்களையும் குறிப்பேடுகளில் சேர்த்துவைப்பது அவர் வழக்கம். மனிதனைவிடப் பெரிய தட்டச்சுப்பொறியின் விசைகள்மீது பேட்மேன் ஓடிச் சண்டையிடுவது போன்ற காட்சிகள் அந்தக் குறிப்பேடுகளின் பயன். பெயரில்லாத கதையைக் கண்டவுடன் இது ஃபிங்கர் எழுதியது என்று பின்னாளைய இரசிகர்கள் கூறியதற்கு இத்தகைய அடையாளங்களே துணை. நாம் அகச்சான்று என்று வழங்குவதும் இதைத்தானே.

அந்த இரசிகர்களின் கதைக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் தம் இதழ்களின் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிடலானார். சிறு செயல்தான். எங்கெங்கோ தனித்திருந்த வாசகர்கள் அதன்வழி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தொடங்கினர். டெட்ராய்ட் நகரில் இயற்கை அறிவியல் கற்பித்த ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற கல்லூரி ஆசிரியர் 1961-இல் ஆல்டர் ஈகோ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். நம்மூரில் கைக்காசைப் போட்டுச் சிற்றிதழ் நடத்தியவர்களை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஷ்வார்ட்ஸும் ஃபிங்கரின் பெயரைக் கடிதப் பகுதியில் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். 1965 கோடையில் நியூயார்க்கில் நடந்த இரசிகர் மாநாட்டில் ஃபிங்கர் மேடையேறிப் பேசினார். ஆட்டோ பைண்டர், கார்ட்னர் ஃபாக்ஸ் ஆகியோரும் உடன் இருந்தனர். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக எழுதியவரை வாசகர்கள் நேரில் பார்த்தது அன்றுதான்.

பெய்ல்ஸ் அவரிடம் உரையாடி, பேட்மேன் உருவானதில் ஃபிங்கரின் பங்கை விவரிக்கும் இரண்டு பக்கக் கட்டுரை எழுதி, இரசிகர்களுக்குள் சுற்றிவந்த ஓர் இதழில் வெளியிட்டார். மிகச் சிலரே படித்திருக்கக் கூடிய அக்கட்டுரை கேனின் கண்ணில் பட்டுவிட்டது. தாமே ஒரே படைப்பாளர் என்று வாதிட்டு, ஃபிங்கர் தம் பங்கை மிகைப்படுத்துகிறார் என்று குற்றம் சாட்டி, பேட்மேனியா என்ற இரசிகர் இதழுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அது 1967-இல் அச்சாயிற்று. இரண்டு பக்கப் படியெடுத்த தாளுக்கு ஒரு புகழ்பெற்ற மனிதர் அவ்வளவு அஞ்சினார் என்பதே கட்டுரையின் வலிமைக்குச் சான்று என்று தோன்றுகிறது.

கேனை முழுக்க வில்லனாக்கும் இரசிகர் மனப்போக்கோடு நமக்கு உடன்பாடு இல்லை. வௌவாலை முதலில் நினைத்தவர் அவரே. ஃபிங்கர் கதைகளைக் காலம் தாழ்த்தித் தருபவர் என்ற முறையீடும் பொய்யன்று; தம் உரிமையை உரக்கக் கேட்கும் இயல்பும் அவருக்கு இல்லை. எனினும் சோர்வும் கூச்சமும் ஒருவரின் பெயரை அழிப்பதற்குப் போதிய காரணங்கள் ஆகா.

1966-இல் தொலைக்காட்சித் தொடரின் ஒரு கதையைச் சார்ல்ஸ் சின்க்ளேருடன் எழுதியபோது அவர் பெயர் திரையில் வந்தது. 1974 ஜனவரியில் நியூயார்க்கில் தம் குடியிருப்பில் தனிமையில் இறந்தார். அகவை 59. பேட்மேனின் வழி அவருக்குச் செல்வமும் வரவில்லை, புகழும் வரவில்லை. 1989-இல் தம் தன்வரலாற்றில் ஃபிங்கரின் பங்கைப் பாராட்டி வருந்தினார் கேன். பதினைந்து ஆண்டு தாமதம்.

பெய்ல்ஸ் வேறொரு பணியையும் செய்தார். ஹேம்ஸ் வேருடன் சேர்ந்து, அமெரிக்கக் காமிக்ஸில் யார் எதை எழுதினர், யார் வரைந்தனர் என்று 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளில் தொகுத்தார். 2005-இல் சான் டியாகோ மாநாட்டில் ஜெர்ரி ராபின்சனின் தூண்டுதலால், உரிய மதிப்புப் பெறாத எழுத்தாளர்களுக்கென ஃபிங்கர் பெயரில் விருது நிறுவப்பட்டது. முதலாண்டில் அதைப் பெற்றவர்கள் அர்னால்டு டிரேக்கும், மறைந்த ஜெர்ரி சீகலும். கார்ட்னர் ஃபாக்ஸ், ஆட்டோ பைண்டர் ஆகியோருக்கும் மறைவுக்குப் பின்னர் அது கிடைத்தது.

ஃபிங்கரின் ஒரே மகன் 1992-இல் மறைந்துவிட்டமையால் வாரிசு இல்லை என்றே கருதப்பட்டுவந்தது. மார்க் டைலர் நோபிள்மேன் என்ற எழுத்தாளர் பேத்தி ஒருவர் இருப்பதைத் தேடிக் கண்டறிந்தார். 2012-இல் ஃபிங்கர் பற்றிய நூலையும் வெளியிட்டார். 2015 செப்டம்பரில் டி.சி. நிறுவனம் குடும்பத்தாரோடு உடன்பாடு கண்டது. 2016-இல் வெளியான பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் திரைப்படத்தில் ஃபிங்கரின் பெயர் வந்தது. பாப் கேனும் பில் ஃபிங்கரும் என்றன்று, பில் ஃபிங்கருடன் பாப் கேன் என்ற பொருளில். சமமான பெயர் அன்று, துணைப் பெயர்தான் என்று இரசிகர்கள் பலர் குறைப்பட்டனர். ஆங்கிலத்தில் அக்குறை நியாயமானதே. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கோ இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒடு உருபு உயர்ந்த பெயரைச் சார்ந்தே வரும் என்பது தொல்காப்பியர் விதி. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்றால் உயர்ந்தவர் ஆசிரியர். உடன் என்பதும் அப்பொருளதே. ஆகவே அவ்வரியை நேராகத் தமிழ்ப்படுத்தினால் உயர்வு ஃபிங்கருக்கே சேர்கிறது. டி.சி.யின் வழக்கறிஞர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கேனும் ஃபிங்கரும் அமர்ந்து கதை பேசிய போ பூங்காவின் அருகே, பிராங்ஸில், 2017 டிசம்பரில் ஒரு தெருமுனைக்கு ஃபிங்கரின் பெயர் சூட்டப்பட்டது. பெய்ல்ஸ் அதைக் காண இல்லை, 2006-இல் மறைந்துவிட்டார். அவர் தொடங்கிய பட்டியற்பணியை இன்று இணையத் தரவகங்களில் தன்னார்வலர்கள் தொடர்கின்றனர். அங்கே 1940-களின் இதழ்களைத் தேடினால், எழுதியவர் என்ற இடத்தில் வெறும் கேள்விக்குறி நிற்கும் கதைகள் இன்னும் ஏராளமாக உள்ளன.