அமெரிக்க உள்நாட்டுப் போர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வடக்கும் தெற்கும் 1861 முதல் 1865 வரை நடத்திய போர். லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை அடுத்து, அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைவித்த தென் மாநிலங்களில் 11 ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தன. மாநில உரிமைக்கான போர் என்று பின்னாளில் சொல்லப்பட்டது; பிரிந்த மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கையோ அடிமைமுறையைக் காக்கவே பிரிவதாக வெளிப்படையாகச் சொல்கிறது.

அடிமைகள் விடுதலைக்காகக் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1862 மே 13 விடியுமுன், ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, மனைவி மக்களோடு 'பிளாண்டர்' கப்பலைத் தெற்கின் சார்ல்ஸ்டன் துறைமுகப் பீரங்கிகளைக் கடந்து ஓட்டிச் சென்றார். வடக்கின் கப்பல்களை நெருங்கியதும் வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றினார்.

போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். நோய்க்குப் பலியானவர்களே அதிகம். 1865 டிசம்பரில் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.